மூன்று பாய், ஒரு கார்

அறையில் இருந்தவர்கள்: நான், ஸ்டீபன், துளசிராமன், பையோடு வந்து என் பாயில் உட்கார்ந்துவிட்ட பச்சையப்பன், சிலிகான் அச்சுக்குள் ஒரு கார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த அறையில் பாய் மூன்றுதான். ஆள் ஆறு பேர். பகல் ஷிப்டுக்கு மூவர் கிளம்பியதும் இரவு ஷிப்ட் முடித்த நாங்கள் மூவர் வந்து படுப்போம். ராத்திரி அவர்கள். பாய் சூடு ஆறுவதே இல்லை.

ஸ்டீல் மில்லில் இரவு வேலையை நான் விட்டதும் கணக்கு கெட்டது. ஏன் விட்டேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ராத்திரியும் அறையிலேயே கிடந்தேன். மூன்று பேர் படுக்கும் தரையில் நான்காவது ஆள்.

பகல்காரர்கள் ஸ்டீபனிடம் முறையிட்டார்கள். அவன் மில்லுக்கு எனக்குப் பதில் பச்சையப்பனைப் பிடித்தான். அறைக்கும் அவனையே பிடித்தான்.

எனக்குப் போக வேறு இடம் இல்லை. அது அவர்களுக்கும் தெரியும்.

அன்று காலை ஷிப்ட் முடிந்து மூவரும் சேர்ந்தே வந்தார்கள். கார் வார்க்க நான் அச்சில் ஊற்றியிருந்த ரெசின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தினார்கள். பிறகு ஸ்டீபன் என் துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தான்.

துணியைத் திணிக்க விட்டேன். அச்சைத் தூக்க வந்தபோதுதான் அவன் கையைத் தட்டிவிட்டேன். ரெசின் இறுகும்போது சூடேறும், அந்தச் சூட்டில் அசைத்தால் கார் கோணிப்போகும், தணியட்டும் என்றேன்.

“இன்னாடா, பொம்மைக்கு ஜொரமா?”

துளசிராமன் சிரித்தான். சாக்கடையில் போட்டால் ஜுரம் இறங்கிவிடும் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்ன கார் என்று கேட்டுவிட்டான்.

சொன்னேன். சின்ன வயதில் டிவியில் வந்த கார். தமிழ் பேசும் கருப்புக் கார். மூக்கில் சிவப்பு வெளிச்சம் இடமும் வலமும் ஓடும்.

அதற்குப் பிறகு யாரும் சாக்கடையைப் பற்றிப் பேசவில்லை. நாஷ்டா பொட்டலத்தைப் பிரித்தார்கள். எனக்கு ஒரு இட்லிகூட நீட்டவில்லை. ஆனால் காத்திருந்தார்கள்.

குழாய் ஓட்டை அடைக்கும் எம்-சீலைப் பிசைந்து அந்தக் காரைச் செதுக்கவே ஒரு மழைக்காலம் போயிருந்தது. அதன் மேல் சிலிகான் ஊற்றி எடுத்த அச்சு இது. இதில் முன்பு வார்த்ததெல்லாம் மூக்கில் காற்றுக் குமிழி விழுந்து கெட்டது. மூக்கு இல்லையென்றால் அது யாரோ வைத்திருக்கும் ஏதோ ஒரு கார்.

சூடு தணிந்ததும் அச்சைப் பிரித்தேன்.

குமிழி இல்லை. சிவப்பு வெளிச்சம் ஓட வேண்டிய பள்ளம் பிளேடால் கீறியதுபோல நேராக இருந்தது.

துளசிராமன் அதை உள்ளங்கையில் வாங்கி, காரின் குரலில் பேசிப் பார்த்தான். பச்சையப்பன் பாயை விட்டு எழுந்து வந்தான். லைட் ஓடுமா என்று ஸ்டீபன் கேட்டான். ஓடும், எல்இடி வைக்க இரண்டு நாள் வேண்டும் என்றேன்.

இரண்டு நாள் கொடுத்தால் ஒரு வாரம் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

ஸ்டீபன் காரைக் கையில் வாங்கினான். ஷெல்பில் இருந்த மாதா படத்தைக் கொஞ்சம் நகர்த்தி அங்கே வைத்தான். இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். திரும்பி என் பையை எடுத்து என்னிடம் நீட்டினான்.

“வண்டி இங்கியே இருக்கட்டும். நீ கெளம்பு நைனா.”

வெளியே வந்து செருப்பைப் போட்டேன். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டார்கள்.

நான் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் பேச்சு அடங்கி ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ராத்திரி முழுக்க உலை முன்னால் நின்றவர்கள். சாயந்திரம் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குத்தான் எழுவார்கள். பகல்காரர்கள் திரும்புவது அந்த பஸ் போன பிறகு. வெளிப்பூட்டின் சாவி அவர்களிடம்தான்; உள்ளே இருந்து கூப்பிட்டாலும் அவர்களுடைய போன்கள் வேலை முடியும்வரை கம்பெனி கேட்டில் கிடக்கும்.

இன்று பஸ் மூவரையும் விட்டுவிட்டுப் போகும். ராத்திரி அந்த மூன்று பாயில் ஆறு பேர் படுக்கட்டும்.

வெளி நாதாங்கியில் திறந்தபடி தொங்கிய பூட்டை எடுத்து, சத்தம் வராமல் மாட்டி, அழுத்தினேன்.