மாடியில் வாளிச் சத்தம்

என் பல்செட்டு மேல் சத்தியம். இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் அது கழன்று இந்த டீ கிளாஸிலேயே விழட்டும்.

அருள்புரத்தில் லிங்கசாமி வீட்டு மாடியில் பாய்ஸ் ஹாஸ்டல் இருக்கிறது. அத்தனை பேரும் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கும் தெக்கத்திப் பையன்கள். காலையில் வந்து இறங்கினால் கேரம்போர்டு, ஸ்பீக்கர், யார் முதலில் குளிப்பது என்ற சண்டை. அந்த இரைச்சலுக்குப் பயந்து காக்கைகளே பல்லடம் சுற்றித்தான் பறக்கும்.

அந்தக் கூட்டத்துக்குள் போன திங்கட்கிழமை ஒரு பெரியவர் வந்து இறங்கினார். பெயர் வீரணன். சங்கரன்கோவில் பக்கம். ரெண்டு கண்ணிலும் புரை. எதிரில் நிற்பது மனுசனா மின்கம்பமா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார். ஹாஸ்டலில் இருக்கும் பேரன் முனீஸ், இங்கே கண் முகாமில் பெயர் கொடுத்து வரவழைத்திருந்தான்.

டாக்டர் பார்த்தார். "பிரஷர் ஏறிக் கிடக்கு. நல்லாத் தூங்கிட்டு வியாழக்கிழமை வாங்க. அன்னிக்கும் இறங்கலைன்னா ஆபரேஷன் கிடையாது. முகாம் அன்னியோட முடியுது."

இது லிங்கசாமி காதில் விழுந்தது.

"ஏனுங்க பெரியவரே, இந்தக் கொரங்குக் கூட்டத்துல எப்படித் தூங்குவீங்க? கீழ நம்ம ஊட்டுக்கு வாங்க."

"வேண்டாம் முதலாளி. பிள்ளைகளோடயே இருந்துக்கிடுதேன்."

"பேசாம வாங்க சாமி."

பையன்களையும் ஒரு பிடி பிடித்தார். "உங்க ஆட்டத்துல அவருக்குப் பார்வை வராமப் போச்சுன்னா, எல்லாப் பொட்டியும் ரோட்டுலதான் கெடக்கும், ஆமா."

உள்ரூமில் மெத்தை போட்டார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். ஃபிரிட்ஜை நிறுத்தினார். மிக்ஸி போடக் கூடாது என்றதால் அவர் சம்சாரம் ரங்காத்தாள் ரெண்டு நாளும் ரசத்தோடு சமையலை முடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் எறும்புகூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தது.

புதன்கிழமை காலையில் லிங்கசாமி கூட்டிப் போய்ப் பார்த்தால், பிரஷர் முன்னைவிட மேலே. கண் ரெண்டும் செக்கச்செவேல்.

"ராத்திரி தூங்கினீங்களா இல்லீங்களா?"

"வீடு ரொம்ப சௌகரியமா இருக்கு முதலாளி" என்றார் வீரணன். கேட்டதற்கு அது பதிலில்லை.

மத்தியானம், பேரனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சுவரைத் தடவித் தடவி மாடி ஏறினார். கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தது.

டடக், டடக், டடக். தகரத்தைப் போட்டு அடிக்கிற சத்தம். தெருவே திரும்பிப் பார்த்தது.

லிங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். "விடிஞ்சா வியாழக்கிழமை. அந்த மனுசன் மேல இருக்கறாருன்னு தெரிஞ்சுமே அடிக்கறானுக பாருங்க. இன்னிக்கு ஒருத்தனும் இங்க இருக்கக் கூடாது."

தடதடவென்று ஏறிப் போனார். சத்தம் நின்றது. நான் எதிர் டீக்கடையில் இருந்தபடி, எந்தப் பெட்டி முதலில் ரோட்டுக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி வரவில்லை. சத்தம்தான் மறுபடி வந்தது. டடக், டடக்.

அரை மணி நேரம் ஆனது. ரங்காத்தாள் ஓடி வந்தாள். "ஏனுங்கண்ணா, போனவரையும் காணோம், சத்தமும் கொறையல. என்னமோ ஏதோன்னு இருக்குதுங்க. ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க."

போனேன். வாசலில் முனீஸ் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றான்.

"சத்தம் போடாதீங்க பெரியவரே. தாத்தா தூங்குதாரு."

அந்த இரைச்சலில் என்னைப் பார்த்துச் சொல்கிறான், சத்தம் போடாதே என்று.

"இதுலயாடா தூங்கறாரு?"

"சின்ன வயசுலருந்து விசைத்தறிப் பக்கத்துலயே படுத்தவரு. தறி நின்னா முழிச்சிருவாரு. கீழ ரெண்டு ராத்திரியும் எப்படா தறி ஓடும்னு காத்துக்கிட்டே கெடந்திருக்காரு. முதலாளி இவ்வளவு பார்க்காரே, சொன்னா மனசு சங்கடப்படும்னு வாயத் தொறக்கல."

"போன்ல தறிச் சத்தம் போட வேண்டியதுதானே?"

"போட்டோம். 'இது கள்ளத் தறிலே'ன்னு எந்திரிச்சிட்டாரு. அதான் வாளியைக் கவுத்துப் போட்டு, முறை வச்சுத் தட்டுதோம்."

"நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து, தூங்காமயா?"

"ஒரு நாள்தானே. அவருக்குக் கண்ணு தெரியணும்லா."

"இப்ப யார் முறை?"

முனீஸ் சிரித்துக்கொண்டு கதவைத் தள்ளினான்.

பையன்கள் மூலைக்கு ஒருவராகச் சுருண்டு கிடந்தார்கள். நடுவில் வீரணன், வாயைத் திறந்து, பச்சைப் பிள்ளை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சம்மணம் போட்டு, வேர்த்து வழிய, கரண்டியால் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தவர் லிங்கசாமி.

என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. குரலை மட்டும் இறக்கினார்.

"கீழ ரங்காத்தாகிட்டச் சொல்லுங்க. ஃபிரிட்ஜு, மிக்ஸி, கிரைண்டரு, எல்லாத்தையும் ராத்திரிக்கு ஓட்டச் சொல்லுங்க. பசங்க ஷிப்டுக்குப் போயிட்டா பெரியவரு அங்கதான் படுக்கோணும்."

வியாழக்கிழமை பிரஷர் இறங்கிவிட்டது. ஆபரேஷன் ஆகிப் பார்வையும் வந்துவிட்டது. பெட்டிகளும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. லிங்கசாமிதான் இன்றைக்கும் ஊரெல்லாம், "எல்லாம் நம்ம ஊட்டு அமைதிதானுங்க" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உங்களிடம் சொன்னாலும் தலையாட்டி வையுங்கள். வாளி விஷயம் எப்படித் தெரியும் என்று கேட்டால், பல்லடம் சுற்றிப் போன காக்கை சொன்னது என்று சொல்லுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம். அந்தக் கரண்டி இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.