தடிப் புத்தகமா, ஒல்லிப் புத்தகமா?

"இன்னொரு தடவ அந்தத் தடிப் புத்தகத்த எடுத்தீன்னா நான் எழுந்து போயிடுவேன்" என்றான் இராமச்சந்திரன்.

ஹுசைன் எடுத்தே விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செஞ்சி கடைத்தெருவில் ஹுசைனின் ஜவுளிக்கடை மாடி. கரண்ட் இல்லை. வேர்த்துக் கொட்ட, நாலு சிநேகிதர்களும் விண்வெளியில் இருந்தார்கள்.

விளையாட்டு அப்படி. ஹுசைனின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து டூ-இன்-ஒன் ரேடியோவோடு சேர்த்துக் கொண்டுவந்தது. போர்டு கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு வேஷம். ராக்கெட்டில் போகும்போது ஆபத்து வரும். என்ன செய்வாய் என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டினால், பிழைத்தாயா செத்தாயா என்று தெரிந்துவிடும்.

எந்தப் புத்தகத்தின்படி சாவது என்பதில்தான் தகராறு. மச்சான் ரெண்டு இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்து தொலைத்திருந்தான்.

ஒல்லிப் புத்தகத்தில் ஆளுக்கொரு கார்டு. உன் முறை வந்ததும் கார்டைப் படித்து, அதில் ஒரு வரியைத் தொட்டு, பகடையை உருட்டு. வேலை முடிந்தது.

தடிப் புத்தகத்தில் நடுவர் என்று ஒருவர் உண்டு. புத்தகம் அவர் கையில் மட்டும்தான் இருக்கும். சுட்டால் தூரத்துக்கு ஒரு அட்டவணை, துப்பாக்கிக்கு ஒரு அட்டவணை, காற்றே இல்லாத இடத்தில் காற்றுக்கு ஒரு அட்டவணை. நடுவர் யார்? வேறு யார், ஹுசைன்தான். ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் சத்தமாகப் படிப்பான். பிறகு பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலத் தமிழில் விளக்குவான். அதற்குள் ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கி வந்துவிடலாம்.

"ஏன்டா, எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதா இன்னா? நான் பேங்குல தெலுங்குலயா எழுதறேன்?" என்றான் இராமச்சந்திரன்.

"அதுக்கில்லப்பா. தடிப் புத்தகத்துலதான் எல்லாம் நெஜம் மாதிரி இருக்குது."

"ஓட்டுப் போட்டுடலாம்" என்றான் போஸ்ட் ஆபீஸ் பெரியதம்பி.

ஒல்லிப் புத்தகத்துக்கு ரெண்டு கை உயர்ந்தது. பேட்டரிக் கடை தங்கராசு ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, மூன்றாவதாகக் கையைத் தூக்கினான். ராக்கெட்டுக்குக் கேப்டன் அவன்தான். எப்பேர்ப்பட்ட ஆபத்திலும் ஏதாவது யோசனை சொல்லித் தப்ப வைத்துவிடுவான்.

ஹுசைன் கார்டுகளைக் கொடுத்தான்.

ஆட்டம் பறந்தது. விண்கல் மோதி ராக்கெட்டில் ஓட்டை விழுந்தபோது தங்கராசு முறை. கார்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "சீக்கிரம்டா, காத்து போவுது!" என்று பெரியதம்பி அவசரப்படுத்த, ஒரு வரிமேல் விரலை வைத்தான்.

பெரியதம்பி எட்டிப் பார்த்தான். "அடப்பாவி! ஓட்டைய அடைக்கச் சொன்னா வெளிக்கதவத் தொறந்துட்டியே!"

நாலு பேரும் ஒரே நொடியில் செத்தார்கள்.

"கேப்டனுக்குப் புழுக்கம் தாங்கல போலிருக்குது!" இராமச்சந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான். தங்கராசும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

ஹுசைன் மட்டும் சிரிக்கவில்லை. எல்லார் கையிலிருந்தும் கார்டுகளைப் பிடுங்கி ஒல்லிப் புத்தகத்துக்குள் செருகினான்.

"இந்த ஆட்டம் செல்லாது. என் மாடி, என் மச்சான் குடுத்த கேமு. தடிப் புத்தகம்தான், நான்தான் நடுவர். இஷ்டம் இருந்தா இருங்க, இல்லனா கெளம்புங்க."

இராமச்சந்திரனுக்கு வந்ததே கோபம்! "நாலு வார்த்த இங்கிலீஷ் வந்துட்டா தலைகால் புரியாதா ஒனக்கு? நீயே நடுவரா இருந்து நீயே வெளையாடு!"

மூவரும் படியிறங்கினார்கள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இராமச்சந்திரன் சட்டைக்குள்ளிருந்து ஒல்லிப் புத்தகத்தை உருவினான்.

"சுட்டுட்டு வந்துட்டியா?" என்றான் பெரியதம்பி.

"பின்ன? அடுத்த வாரத்துலேர்ந்து ஒன் வீட்ல ஆட்டம். ஹுசைன் வேணாம். அடுத்த மாசம் அவன் தங்கச்சி நிக்காவுக்கும் நாம யாரும் போவக்கூடாது. அப்பதான் அவன் கொழுப்பு அடங்கும்."

"சரிதான்" என்றான் பெரியதம்பி.

தங்கராசு டீயைத் தொடவே இல்லை. "அவன ஒண்ணும் சொல்லாதடா."

"நீ எதுக்குடா அவனுக்கு வக்காலத்து வாங்கற? ஒன் மூஞ்சியப் பாத்துத்தான அவ்ளோ நேரம் வெளக்கிக்கினு இருப்பான், பச்சப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி! ஒனக்கு ரோஷமே கெடையாதா?"

தங்கராசு பெஞ்சைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், போகிற பஸ்ஸைப் பார்த்தான். பிறகு, டீக்கடைக்காரர் காதில் விழாத குரலில் சொன்னான்:

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுடா. அது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்."