பதினாறு அப்புறம்

அம்பத்தூரில் ஒரு குடியிருப்பு. எரிந்துபோன சமையலறைச் சுவரில், கரியில் பதிந்த ஒலியை மீட்கும் கருவியைத் தீ விசாரணை அதிகாரி செண்பகவல்லி ஒட்டவைத்தாள். இப்போதெல்லாம் அவர்கள் துறைக்குக் கரிதான் சாட்சி. தீப்பிடிப்பதற்கு முந்தைய இருபது நிமிடப் பேச்சை அது அப்படியே ஒப்பித்துவிடும்.

முதலில் கடாயில் எண்ணெய் ஊற்றும் சத்தம். பிறகு ஹாலிலிருந்து ஓர் ஆண் குரல்: "வடை கெடக்கட்டும், வந்து உக்காரு. உங்க மேனேஜரு என்னதான் சொன்னான்? மொதல்லேர்ந்து சொல்லு."

அவன் மனைவி சொல்லத் தொடங்கினாள். அவன் "அப்புறம்?" என்றான். இருபது நிமிடத்தில் பதினாறு 'அப்புறம்'. எண்ணெய் பற்றிக்கொண்டதுகூட இருவருக்கும் உறைக்கவில்லை.

காயமில்லாமல் தப்பிய அந்தத் தம்பதி, கீழே பைக் நிறுத்தும் இடத்தில் நின்று இன்னமும் பேசிக்கொண்டிருந்தார்கள். செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறிக்கையில் 'அலட்சியம்' என்று எழுதியவள், அதற்கு முன்னால் 'கடும்' என்று சேர்த்தாள். பயிற்சி வகுப்பில் போட்டுக்காட்ட அந்தப் பதிவைத் துறையில் கேட்டிருந்தார்கள். அவள் கொடுக்கவில்லை, தனியாக மூன்று முறை கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு, போனில் மூழ்கியிருந்த கணவன் ஞானவேலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஆபீஸ்ல ஒண்ணு நடந்துச்சுங்க."

"ம்."

அவள் காத்திருந்தாள்.

ஞானவேல் நிமிர்ந்து முகர்ந்து பார்த்தான். "எண்ணெ காயுது பாரு," என்றான்.

அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். இந்த வீடு ஒருநாளும் தீப்பிடிக்காது.