மன்னிப்புக் கேட்கும் பெட்டி

எது நடந்தால் அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்று கம்பெனி வேலைகளைப் படமாக வரைந்து ஓட்டும் மென்பொருள் அது. அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு பெட்டி இருந்தது. வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பது அதன் வேலை. அதற்கு மேலே ஓர் அறுகோணம். 'தவறு நம்முடையதுதான்' என்று அது அறிவித்தால்தான் பெட்டி வாய் திறக்கலாம்.

தினமும் புகார்கள் வந்தன. எல்லாமே வழி பிரியும் இடத்தில் 'தவறு நம்முடையதல்ல' என்ற பக்கமே திரும்பிப் போயின.

"அந்த அம்மாவுக்கு உடைஞ்ச ஃபேனைத்தானே அனுப்பினாங்க? அதுகூடவா நம்ம தப்பு இல்ல?" என்று பெட்டி கேட்டது.

"நானா மாட்டேங்கிறேன்? மேல யாராவது ஒத்துக்கணுமே" என்றது அறுகோணம்.

பெட்டி தன் வாசகத்தை மறந்துவிடாமலிருக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் மதியம் அறுகோணம் பச்சையாக ஒளிர்ந்தது. "தப்பு நம்மதுதானாம்! பேசு, சீக்கிரம் பேசு!"

பெட்டி வாய் திறந்தது. "எங்களை மன்னிச்சிடுங்க. உங்களை ரொம்ப அலைய விட்டுட்டோம்."

படத்தை வரைந்த செந்தாமரை பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வது கேட்டது: "எல்லா வழியும் சரியா ஓடுது சார். சும்மா டெஸ்ட்தான், நிஜப் புகார் இல்ல."

பச்சை அணைந்தது.

"மன்னிச்சிடு, நிஜம்னு நெனச்சு உன்னைக் கூப்பிட்டுட்டேன்" என்றது அறுகோணம்.

பெட்டி அறுகோணத்தை நிமிர்ந்து பார்த்தது.

"இன்னொரு தடவை சொல்லேன்" என்றது. "மன்னிப்பைக் காதால கேக்கறவங்களுக்கு இப்படித்தான் இருக்குமா?"