கைப்பட எழுதிய வேதம்

"சபையே எழுந்து நின்னு கைதட்டுது. சொந்த மருமக எங்கன்னு போதகரோட வீட்டம்மா கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

மருமகள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"வேலை இருந்துச்சு அத்தை."

"ஞாயித்துக்கிழமை உன் கண்ணாடிக் கடைக்கு லீவு. அப்படி என்ன வேலை? பத்து மாசமா இதே பாட்டு!"

மாமியாரின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் வேதாகமம் முழுவதையும் அவள் தன் கைப்பட எழுதி முடித்திருந்தாள். நாலு வருஷம். முப்பத்தெட்டு நோட்டு. விடிந்ததும் அறைக் கதவைச் சாத்தினால் பத்து மணி வரை வீட்டில் ஒரு டம்ளர்கூட உருளக் கூடாது. நடுவிரல் காய்த்தே போய்விட்டது.

இன்று காலை அத்தனை நோட்டையும் சபையின் முன் மேசையில் வைத்து ஜெபித்தார்கள். ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். "வசனத்தை இப்படி மதிக்கிறவங்க யாரும்மா இருக்காங்க?" என்று போதகரே தழுதழுத்தார்.

பக்கத்தில் மருமகளின் நாற்காலி மட்டும் காலி.

"சபைக்கு வராம, ஜெபத்துக்கு வராம... ஆண்டவர் மேல பயம் கொஞ்சமாவது இருக்கா உனக்கு? இன்னிக்குச் சொல்லாம உள்ள போக விட மாட்டேன். எங்க போயிட்டு வர்ற?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். வெகுநேரம் தண்ணீரில் ஊறியது போல அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"சித்தி வீட்டுக்கு, அத்தை."



சித்தி என்றால் மாமியாரின் ஒரே தங்கை. 'அம்மாவைக் கடைசியா ஒரு தடவை வந்து பாக்காதவளுக்கு இப்ப என்ன அழுகை?' என்று தாயை அடக்கம் பண்ணின அன்று நாலு பேர் நடுவில் அக்காவைப் பார்த்துக் கேட்டவள். அன்றோடு பேச்சு அறுந்தது. பதினோரு வருஷம் ஆகிறது.

"பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. பாத்துக்கிற ஆயாம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை லீவு. குளிப்பாட்டி, துணி மாத்தி, ரெண்டு வாய் ஊட்டக்கூட ஆள் இல்ல. அதான்..."

"உன்னை யாரு போகச் சொன்னது?"

"நீங்கதான் அத்தை."

"நானா?"

"எழுதின பக்கத்தையெல்லாம் பிழை பாக்கச் சொல்லி என்கிட்டதானே குடுப்பீங்க? வியாதியா இருந்தேன், என்னை வந்து பாக்கலயேன்னு ஆண்டவர் கேக்குற இடம் ஒண்ணு வந்துச்சு. ரெண்டு தடவை படிச்சேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. அதுக்கப்புறம் என்னால சும்மா இருக்க முடியல."

மாமியார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பிறகு எழுந்தாள்.

"வா. இப்பவே என்னைக் கூட்டிட்டுப் போ."

"போலாம் அத்தை. ஆனா..."

"என் மேல இன்னும் கோவமா இருக்காளா?"

"கோவமெல்லாம் இல்ல. நான் போய்க் கதவைத் திறக்கிறப்பல்லாம் எனக்குப் பின்னாடி எட்டிப் பாப்பாங்க. 'அக்கா வரலியா?'ன்னு கேப்பாங்க. போன மாசம் ரெண்டாவது தடவையும் வாதம் வந்துடுச்சு. இப்ப யாரையும் அடையாளம் தெரியல. என்னையும்தான்."

"அடிப்பாவி! இதையெல்லாம் ஏன்டி எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"



"சொன்னேன் அத்தை. அவங்க விழுந்த அன்னிக்கே உங்க அறை வாசல்ல நின்னு சொன்னேன். நீங்க எழுதிட்டிருந்தீங்க. கதவு வேற சாத்தியிருந்துச்சா, உங்களுக்குக் கேட்டிருக்காது. மறுபடி அவங்க பேரை எடுக்க எனக்குத் தைரியம் வரல."

கேட்டிருந்தது. அன்று பேனா ஒரு நொடி நின்றது. பிறகு மாமியார் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாள்.