முதலில் பார்த்தவர்

காவல் கூண்டின் சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைப் படத்தில் ஹெட்லி சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜாகோவுக்கு வயிறு எரிந்தது.

இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரத்தில், பாறை முனையிலிருக்கும் அந்தக் கூண்டில் வியாழக்கிழமைகளில் அவர்கள் இருவருக்கும் காவல். சம்பளம் கிடையாது. ஒரு தொலைநோக்கி, ஒரு தொலைபேசி, ஃப்ளாஸ்க்கில் தேநீர்.

விதி ஒன்றுதான். தண்ணீரில் தத்தளிப்பவரை முதலில் பார்த்தவர் கண்ணை எடுக்கவே கூடாது. ஓர் அலை போதும், தலை தொலைந்துபோகும். மீட்புப் படகை அழைப்பது மற்றவர் வேலை.

போன மாதம் கவிழ்ந்த துடுப்புப் படகைப் பார்த்தவர் ஜாகோ. பேசியவர் ஹெட்லி.

பத்திரிகைக்காரர்கள் பேசியவரைத்தான் படம் எடுத்தார்கள்.

“என்னய்யா, பேப்பர்காரன் இன்னைக்கும் வர்றானா?” என்று கேட்டார் ஜாகோ.

“வர வேணாம்னுட்டேன். இன்னும் ஷேவ் பண்ணல.”

ஹெட்லியின் சிரிப்பு எரிச்சலை இன்னும் கிளறியது. ஜாகோ முகத்தைத் திருப்பித் தொலைநோக்கியில் பதித்துக்கொண்டார்.

பாறைகளுக்கு அப்பால் ஒரு தலை. ஒரு கை உயர்ந்தது. அமிழ்ந்தது.

“ஆளு!” என்று கத்தினார்.

ஹெட்லி தொலைபேசியை நோக்கி எழுந்தார். அதற்குள் ஜாகோ தொலைநோக்கியை விட்டுவிட்டுப் பாய்ந்து தொலைபேசியை எடுத்துவிட்டார்.

“நீ பாரு. இந்த வாட்டி நான் பேசறேன்.”

ஹெட்லி தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்து அலைகளுக்கிடையே தேடினார். கண்டுபிடித்தார்.

அவருடைய தாடை இறுகியது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

எரியட்டும், என்று நினைத்தார் ஜாகோ. உள்ளுக்குள் இனித்தது.

இடத்தைச் சொன்னார். தன் பெயரை நிறுத்தி நிதானமாக, எழுத்துக் கூட்டிச் சொன்னார். படகு கிளம்பிவிட்டது என்றது மறுமுனை. ஆணா பெண்ணா, என்ன வயதிருக்கும் என்று கேட்டது.

ஜாகோ ஜன்னல் வழியே பார்த்தார். அலைகள் மட்டுமே தெரிந்தன.

“ஆணா, பொண்ணா?” என்று ஹெட்லியிடம் கேட்டார்.

ஹெட்லி கண்ணை எடுக்கவில்லை. குரல்கூட மாறவில்லை.

“பொம்பளை. அறுபத்தொரு வயசு. இன்னும் மிதந்துட்டுதான் இருக்கா. பேரு லவ்டே, என் சம்சாரம்னு சொல்லு.”