வண்டிக்குக் கூச்சம்

'ஜூன் 9. ஏசியைக் கணக்கில் சேர்க்காதது என் சின்னத் தவறு' என்று மாலை வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிய மாதங்கி, சந்தேகம் வந்து 'சின்ன' என்பதை அடித்தாள்.

காலையில் ஏசி போட்டு வந்ததில், திண்டிவனத்துக்கு முன்பே மின்சாரக் காரில் நான்கு சதவீதம் சார்ஜ்தான் மிச்சம். பதினோரு மணிக்குப் பெயர் சூட்டு விழாவில் அக்கா குழந்தையின் காதில் அப்பாதான் பெயரைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரே சார்ஜர் போட்டிக் கம்பெனியுடையது. அப்பாவோ இந்தக் காரைச் செய்த கம்பெனியில் முப்பது வருடம் பானெட் மாட்டியவர்.

"அவன் கரண்டு வேணாம். நான் தள்ளிட்டே வரேன்."

"அதுவரைக்கும் பாப்பா பேரில்லாம இருக்கட்டுமாப்பா?"

அப்பா இறங்கினார். மாதங்கி அந்தக் கம்பெனியின் செயலியில் தன் பெயரைப் பதிவுசெய்வதற்குள், தோள் துண்டால் காரின் முகப்புச் சின்னத்தை மூடினார். பிறகு அவரே கேபிளை எடுத்துச் செருகினார்.

அடுத்து நின்ற போட்டிக் கம்பெனிக் காரின் சொந்தக்காரப் பெண் கேட்டாள்: "வெயிலுக்கா சார்?"

"இல்லம்மா. கூச்சப்படுது."

அவள் தன் காரைத் தட்டிக்கொடுத்தாள். "எங்க வண்டி ஒண்ணும் நினைச்சுக்காது சார்."

அப்பா சிரித்துவிட்டார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதே துண்டில்தான் பிறகு குழந்தையை ஏந்திப் பெயர் சொன்னார்.

மாதங்கி கடைசி வரியை எழுதினாள்: 'நாளை: அந்தச் செயலியில் அப்பாவின் பெயரையும் சேர்க்க வேண்டும்.'